நெருப்பில் பிறந்த தீவில் ஒரு பள்ளத்தாக்கு

நம் நாமக்கல் மாவட்டத்தைவிடச் சிறியதொரு தீவு, இந்துமாக்கடலின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கர் பெருந்தீவிற்குக் கிழக்கே அமைந்துள்ளது. ரீயூனியன் என்பது அதன் பெயர். அதன் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நாமக்கல் மாவட்டமோ 3,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. தமிழகக் கடற்கரையிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அத்தீவைப் பற்றிச் சேலத்திலும் இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் வாழும் நமக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை உண்டு. நம் இனத்தார் ஒரு காலத்தில் அன்னியராய்ப் போய் இறங்கிய மண் அது. அங்கே அவர்களுக்கு நேர்ந்ததை அறிந்தால், இன்று நம் மண்ணில் அன்னியராய் வந்து இறங்குவோரை நாம் பார்க்கும் பார்வை சற்றே மாறக்கூடும்.

அத்தீவின் நடுவே, மலைகள் சூழ்ந்ததொரு பள்ளத்தாக்கில், சலாசி என்னும் நாட்டுப்புற ஊராட்சி உள்ளது. கடற்கரைச் சமவெளியில் தொடங்கி அப்பள்ளத்தாக்கின் உள்வரை நாம் ஒருமுறை பயணம் செய்து வருவோம்.

கடலடியிலிருந்து எழுந்த நிலம்

நம் சேர்வராயன் மலையின் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பர் நிலநூலார். ஏற்காட்டுக்குச் செல்லும் வழியில் நாம் காணும் கருநீலப் பாறை, உலகின் மிகப் பழமையான பாறைகளோடு வைத்து எண்ணப்படுவது. ரீயூனியன் தீவோ நேற்றுப் பிறந்த குழந்தை. கடலின் அடித்தளத்தைப் பிளந்து எழுந்த நெருப்புக் குழம்பு, படிப்படியாக உறைந்து உயர்ந்து, சுமார் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான் அலைகளுக்கு மேலே தலைகாட்டியது எனக் கணக்கிடுகின்றனர்.

தீவில் இரண்டு பெரும் எரிமலைகள் உள்ளன. ஒன்று, 3,070 மீட்டர் உயரமுள்ள பனிச்சிகரம். அது பல்லாயிரம் ஆண்டுகளாக அணைந்து கிடக்கிறது. மற்றொன்று, தீவின் தென்கிழக்கிலுள்ள உலைச்சிகரம். உலகில் அடிக்கடி நெருப்புக் கக்கும் மலைகளுள் அதுவும் ஒன்று. அணைந்துபோன பனிச்சிகரத்தின் விலாப்புறங்கள் இடிந்தும், மழையால் அரிக்கப்பட்டும், மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் உண்டாயின. கிண்ணம்போல் குழிந்து, சுற்றிலும் செங்குத்தான மலைச்சுவர் எழுந்து நிற்பவை அவை. அவற்றுள் கிழக்கே இருப்பதும், மழை மிகுந்ததும், பசுமையில் சிறந்ததும் சலாசிப் பள்ளத்தாக்கு. இம்மலைப் பகுதிகளின் தனிச்சிறப்பைக் கருதி ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2010ஆம் ஆண்டு அவற்றை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

பள்ளத்தாக்கின் தலைவாயில்

மலையேறுமுன் சமவெளியில் சற்று நிற்போம். புனித அந்திரேயாவின் பெயரால் சான் அந்திரே எனப்படும் நகரம் சலாசிக்குத் தலைவாயில்போல் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புத் தோட்டங்கள். தீவின் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் நகரமும் இதுவே.

அவர்கள் எவ்வாறு வந்தனர்? 17ஆம் நூற்றாண்டு வரை அத்தீவில் மனிதக் குடியே இல்லை. பிரெஞ்சுக்காரர் குடியேறிப் போர்பன் தீவு எனப் பெயரிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்து, முதலில் காப்பியும் பின்னர் கரும்பும் பயிரிட்டனர். 1848 டிசம்பர் 20ஆம் நாள் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. சுமார் 62,000 பேர் அன்று விடுதலை பெற்றனர். அவர்கள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களில் உழைக்க, தோட்ட முதலாளிகளின் கண்கள் நம் நாட்டின்மேல் விழுந்தன. 1828 முதலே சிறு அளவில் தொடங்கியிருந்த கூலியாட்களின் பயணம், 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் பெருவெள்ளமாயிற்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைரேகை வைத்து எண்ணற்றோர் கப்பலேறினர். அங்கே அவர்கள் நடத்தப்பட்ட விதம் சகிக்கக்கூடியதாய் இல்லாமையால், 1882இல் பிரிட்டிஷ் அரசு அந்த ஆட்சேர்ப்பை நிறுத்திவிட்டது. அதற்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அத்தீவில் கால்வைத்திருந்தனர். அவர்களுள் மிகப் பலர் தமிழர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாதுவருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் கதைகதையாய்ச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சேலம் ஜில்லா அப்பஞ்சத்தில் பட்ட பாடு கொஞ்சமன்று. ஊரில் கஞ்சிக்கு வழியற்றவனுக்குக் கடலுக்கு அப்பால் சோறு உண்டு என்று தரகன் சொன்ன சொல் தேவவாக்காய் ஒலித்திருக்கும். அக்காலத்தில் இலங்கைக்கும் மொரீஷியசுக்கும் நாத்தாலுக்கும் ரீயூனியனுக்கும் போன தமிழ் ஏழைகளின் கதை அடிப்படையில் ஒன்றே.

சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற அவர்களைத் தீவார் "மலபார்" என்று அழைத்தனர். இன்றும் அவர்கள் சந்ததியார் அப்பெயராலேயே அறியப்படுகின்றனர். பலர் திருமுழுக்குப் பெற்றனர். அது முற்றிலும் உள்ளத்தின் விருப்பத்தால் நிகழ்ந்தது என்று சொல்ல இயலாது. தோட்டத்துரையின் மதம் அதுவாயிருந்தது என்பதும் ஒரு காரணம். ஆயினும் விசுவாசம் வேர்விட்டது. ழான் இராமசாமி என்றும், மரி வீராசாமி என்றும், புனிதரின் பெயரும் பாட்டனின் பெயரும் கைகோத்து நிற்கும் பெயர்களை அங்கே காணலாம். ஞாயிறன்று ஆலயத்தில் திருப்பலி கண்டு, திருவிழா நாளில் மாரியம்மன் கோவிலுக்கும் செல்லும் குடும்பங்கள் பல உண்டு.

அவர்கள் இழந்தது மொழியை. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் வீட்டுமொழி கிரியோல் ஆகிவிட்டது. எஞ்சிய தமிழ் அடுப்பங்கரையில் ஒளிந்துகொண்டது. நம் கறி அங்கே "கரி", முருங்கைக்கீரை "முருங்", சோற்றோடு தொட்டுக்கொள்ளும் காரமான துவையலின் பெயர் "ருகாய்". அது நம் ஊறுகாய் என்னும் சொல்லின் திரிபே என்பர் மொழியறிஞர். தாயின் பேச்சை மறந்த பிள்ளைகள் தாயின் கைம்மணத்தை மறக்கவில்லை. இப்போது அங்குள்ள இளைஞர் சிலர் சங்கங்களின் வழியாகத் தமிழை மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஒரே ஒரு பாதை

சான் அந்திரேயை விட்டு, மா என்னும் ஆற்றின் கரையோடு பாதை மலைக்குள் நுழைகிறது. சலாசிக்குள் வண்டி செல்லும் பாதை இது ஒன்றே. ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவுகளையும், கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் கண்ட நமக்கு மலைப்பாதை புதிதன்று. ஆனால் இங்கே இருபுறமும் ஓங்கி நிற்கும் சுவர்களிலிருந்து நூற்றுக்கணக்கான அருவிகள் இறங்குவதைக் கண்டால் வியப்பு மேலிடும். அவற்றுள் ஒன்று, பல இழைகளாய்ப் பிரிந்து வெண்மையாய் வீழ்வதால், "மணமகளின் முக்காடு" எனப் பெயர் பெற்றது.

சலாசியின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் ஏழாயிரவர். பிரெஞ்சு ஆட்சிமுறையில் மாநகரமாயினும் மலைக்கிராமமாயினும் அதற்குக் "கொம்யூன்" என்றே பெயர். நம் புதுச்சேரியில் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் இருப்பதை வாசகர்கள் அறிவர். சான் அந்திரேயின் பகுதியாயிருந்த சலாசி 1899இல் தனிக் கொம்யூன் ஆகி, தனக்கென ஒரு மேயரையும் மன்றத்தையும் பெற்றது.

இங்கே எங்கு நோக்கினும் பந்தலிலும் வேலியிலும் பள்ளத்திலும் ஒரு கொடி படர்ந்து கிடக்கிறது. அருகில் சென்று காயைப் பார்த்தால், நம் சந்தைகளில் பெங்களூர் கத்தரிக்காய் என்றும் சௌசௌ என்றும் விற்கப்படும் அதே காய்! சலாசி மக்களும் அதைச் "சூசூ" என்றே அழைக்கின்றனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அக்கொடி சலாசியின் அடையாளமாகிவிட்டது. காயைச் சமைக்கின்றனர், தளிரைக் கீரையாக உண்கின்றனர், கிழங்கையும் விடுவதில்லை, தண்டின் நாரை உலர்த்தித் தொப்பி பின்னுவதும் உண்டு. ஏழையின் வீட்டில் எதுவும் வீணாவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஓடி வந்தோரின் ஊர்

கிண்ணத்தின் நடுவே மேசைபோல் தட்டையான தலையுடன் ஒரு குன்று தனித்து நிற்கிறது. அன்சேன் குன்று என்பர். தோட்டத்தின் கசையடிக்குத் தப்பியோடிய அன்சேன் என்னும் அடிமை, தன் மனைவி ஏவாவோடு அதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தான் என்பது அம்மக்கள் சொல்லும் கதை. கதையின் விவரங்கள் எவ்வாறாயினும், வெள்ளையர் இங்கே குடியேறுமுன் இம்மலைகள் தப்பியோடிய அடிமைகளின் அடைக்கலமாயிருந்தன என்பது வரலாறு. அவர்களைத் தேடிப் பிடிக்க வேட்டைக்காரரை ஏவினர் என்பதும் வரலாறே.

1829ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின், சமவெளியில் நிலம் இழந்த ஏழை வெள்ளையர் மலையேறி வந்தனர். அவர்களும் ஒருவகையில் ஓடி வந்தவர்களே. 1831இல் இங்கே வெந்நீர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டதும், நோயுற்ற அதிகாரிகளும் செல்வரும் நீராட வந்தனர். அழகிய மரவீடுகள் எழுந்தன. அவ்வூரின் பெயர் எல்பூர். ஆங்கில எழுத்தில் பார்ப்போர் "நரகபுரி" என்று எண்ணி நகைப்பர். உண்மையில் அது தெ எல் என்னும் ஆளுநரின் நினைவாக வைத்த பெயர். 1948இல் வீசிய கடும் புயல் ஊற்றைத் தூர்த்துவிட்டது. செல்வர் போயினர், கொடி படர்த்தும் ஏழை உழவர் நிலைத்தனர். இன்று எல்பூர் பிரான்சின் மிக அழகிய சிற்றூர்களின் பட்டியலில் இடம்பெற்று, பயணிகளை மீண்டும் ஈர்க்கிறது.

நிலையாத நிலம்

இவ்வளவு அழகுக்கும் ஒரு விலை உண்டு. 1875 நவம்பர் 26ஆம் நாள், மலைச்சரிவின் ஒரு பெரும் பகுதி பெயர்ந்து விழுந்து, கிராந் சாப்ல் என்னும் குக்கிராமத்தை மூடிற்று. 63 உயிர்கள் மண்ணுக்குள் புதைந்தன. கிராந்திலே என்னும் மற்றோர் ஊர் இருக்கும் மேட்டுநிலமோ, இன்றும் ஆண்டுக்காண்டு மெல்ல நகர்ந்து வருகிறது. அறிவியலார் கருவிகள் வைத்து அதனை அளந்து வருகின்றனர். வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் பூசிக்கொண்டு, மீண்டும் விதைக்கச் செல்கின்றனர் மக்கள்.

அங்கே மழை பெய்யும் விதமும் நம்மவர்க்கு நம்ப அரிதாயிருக்கும். தீவின் எரிமலை மேட்டில் 1966 சனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. அது உலகச் சாதனை. நம் சேலத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெய்யும் மழைக்கு அது நிகர். 2024 டிசம்பரில் பெங்கல் புயல் மழையால் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்போது மேலூர் மக்கள் பட்ட இன்னலை எண்ணிப் பாருங்கள். ஒரே பாதையுள்ள சலாசிக்கு அது அடிக்கடி வரும் விருந்தாளி.

நீரால் இவ்வாறெனில், தீவின் மறுகோடியில் நெருப்பால். 1977 ஏப்ரலில் உலைச்சிகரத்தின் குழம்பு, சான் ரோஸ் பகுதியிலுள்ள ஒரு சிற்றூருக்குள் புகுந்தது. மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் பல எரிந்தன. குழம்பு பங்கு ஆலயத்தின் வாசலுக்கு வந்து, அங்கே இரண்டாய்ப் பிரிந்து, ஆலயத்தைச் சுற்றிக்கொண்டு சென்று உறைந்தது. அவ்வாலயம் இன்று "எரிகுழம்பின் அன்னை" என்னும் பெயரோடு விளங்குகிறது. அதைப் புதுமை என்று வணங்குவோர் வணங்குக. நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று: தங்கள் வீட்டை இழந்தவர்களும் அவ்வாலயத்திற்கே வந்து முழந்தாளிட்டனர். காலடி மண்ணை நம்ப இயலாதவர்களுக்கு ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளும் கையும், கூடி மன்றாடும் ஓரிடமும் உயிரினும் பெரிதாகின்றன.

மாலை வேளையின் ஆசிரியர்

அடிமைகளும் கூலிகளும் நிறைந்த அத்தீவில் அவர்களை மனிதராக மதித்தோர் சிலரே. அவர்களுள் முதன்மையானவர் ஒரு துறவி. புனித தெலசால் சபையைச் சேர்ந்த சகோதரர் ஸ்குபிலியோன், பிரான்சின் பர்கண்டி நாட்டில் 1797இல் பிறந்தவர். 1833இல் தீவுக்கு வந்து, 1867இல் இறக்கும் வரை திரும்பிச் செல்லவேயில்லை. பகலெல்லாம் பள்ளியில் கற்பித்தபின், மாலையில் அடிமைகளைக் கூட்டினார். களைத்து வந்தவர்களுக்குப் புரியும் எளிய சொற்களில் செபமும் மறைக்கல்வியும் கற்பித்தார். அடிமைகளுக்குக் கல்வி எதற்கு என்று முகஞ்சுளித்தோர் உண்டு, அவர் பொருட்படுத்தவில்லை. விடுதலை வந்தபின் அம்மக்கள் திக்கற்று நின்றபோதும் அவர்களைக் கைவிடவில்லை. 1989 மே 2ஆம் நாள், திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் அத்தீவுக்கே வந்து, அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அன்று கூடியிருந்த மக்கள் திரளில் அடிமைகளின் பேரரும், ஆண்டைகளின் பேரரும், தமிழ்க் கூலிகளின் பேரரும் அருகருகே நின்றனர்.

அவர் செய்தது என்ன? பெரிய மண்டபம் கட்டவில்லை, இயக்கம் தொடங்கவில்லை. உழைத்துக் களைத்த அன்னியனுக்காக மாலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார்; அவனுக்கு விளங்கும் மொழியில் பேசினார்.

நம் வாசலில் நிற்போர்

அன்பார்ந்த வாசகர்களே, இனி நம் சமவெளிக்குத் திரும்புவோம். நாமும் வெளியூர் செல்வதில் சளைத்தவர்கள் அல்லர். நாமக்கல் லாரிகள் ஓடாத மாநிலம் இல்லை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியாவெங்கும் சென்று, கடல்கடந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் நீர் காண்கின்றன. அன்னிய ஊரில், மொழி தெரியாத இடத்தில், நம் பிள்ளைக்கு ஒருவர் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார் என்று கேட்டால் நம் மனம் குளிர்கிறதன்றோ?

இன்றோ நம் கோழிப் பண்ணைகளிலும் நூற்பாலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒரிசா, பீகார், ஜார்கண்ட், வங்காளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். சிலர் மனைவி மக்களோடு பண்ணைக்குள்ளேயே ஒற்றை அறையில் வாழ்கின்றனர். அவர்களுள் நம் திருச்சபையின் மக்களும் உள்ளனர். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில், பாடலும் மறையுரையும் விளங்காமல் நின்று, நற்கருணை வாங்கும் நேரத்தில் மட்டும் நம்மோடு ஒன்றாகி, பூசை முடிந்ததும் யாரோடும் பேசாமல் வெளியேறும் இளைஞர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களின் பெயரை நாம் கேட்டதுண்டா? "வடக்கன்" என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். நம்மவரை அத்தீவார் "மலபார்" என்று ஒரே சொல்லால் அழைத்ததுபோல.

அன்னியரை ஏற்ற மரபு இம்மண்ணுக்குப் புதிதன்று. 1623ஆம் ஆண்டளவில் தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கே நடந்து வந்தபோது, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். 1930இல் நம் சேலம் மறைமாவட்டம் தோன்றியபோது அதன் முதல் ஆயரான புருனியே ஆண்டகை பிரெஞ்சு நாட்டவர். அவரையொத்த வேதபோதகர்கள் தமிழ் கற்று, நம் கஞ்சியைப் பகிர்ந்து, நம் மண்ணிலேயே உறங்குகின்றனர். அன்று அவர்களுக்கு எழுத்தறிவித்த நம் முன்னோரின் பெயர்களை ஏடுகள் குறிக்கவில்லை. ஆயினும் அவர்களின் பொறுமையின்றி அப்பணி நடந்திருக்குமா?

ஒவ்வொரு பங்கிலும் செய்யக்கூடியவை சில உள. மாதம் ஒரு ஞாயிறு முதல் வாசகத்தை இந்தியிலும் வாசிக்கலாம். பள்ளியில் இந்தி பயின்ற நம் பிள்ளைகள் மாலையில் அவர்களின் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கலாம். கிறிஸ்து பிறப்பு நாளில் ஒரு குடும்பம், பண்ணையில் வாழும் ஒரு குடும்பத்தை உணவுக்கு அழைக்கலாம். இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. நம் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து முதற்சொல் சொன்னால் போதும்.

சலாசியில் மழை ஓய்ந்தபின் மக்கள் செய்யும் முதல் வேலை, சரிந்த மண்ணை அகற்றிப் பாதையைத் திறப்பது. பாதை ஒன்றே, அது அடைபட்டால் உள்ளிருப்பவனும் வெளியிலிருப்பவனும் ஒருசேரத் தவிப்பர். நம் ஆலய வாசலுக்கும் பண்ணை வாசலுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும், பின்வரிசையில் நிற்பவரிடம் சென்று அவர் பெயரைக் கேட்போமாக.